ஒரு வாயில், இரு காவலர்

கோட்டையை வளைத்துத் தாக்குவோன் உழிஞைப் பூச் சூடுவான். உள்ளிருந்து மதிலைக் காப்போன் நொச்சிப் பூச் சூடுவான். புறத்திணை பயின்ற மாணவர் இதனை அறிவர். ஆயினும் தொல்காப்பியர் தம் புறத்திணைகள் ஏழனுள் நொச்சிக்குத் தனியிடம் தரவில்லை. மதில் காத்தலை உழிஞைக்குள்ளேயே அடக்கிவிட்டார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலையே அதனைத் தனித்திணையாக வகுத்தது. காப்போன் தொழில் தாக்குவோன் தொழிலுக்குள் மறைந்துபோகும் இவ்வழக்கம் ஹாக்கித் திடலிலும் உண்டு. கோல் புகுத்தியவன் பெயர் மறுநாள் நாளிதழில் வரும். கோல் காவலன் பெயர் பெரும்பாலும் அவன் தவறியபோதுதான் வரும். அவனுக்கு மாற்றாகப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் இரண்டாம் காவலன் பெயரோ வருவதே இல்லை.

அந்த இரண்டாமவனைப் பற்றியே இங்குப் பேச வேண்டியுள்ளது. முன்னணியில் ஐவர் ஆடலாம். ஒருவன் இடம் இழந்தால் இன்னோர் இடத்தில் இறங்கலாம். வாயில் ஒன்றே, அதனைக் காப்பவனும் ஒருவனே. இரு திறலோர் அந்த ஓரிடத்துக்குப் போட்டியிடும்போது அணி வலுப்பெறுகிறதா, வலுவிழக்கிறதா? வரலாறு இதற்கு ஒரே விடையைத் தரவில்லை; ஆனால் தெளிவான சில சான்றுகளைத் தருகிறது. அவற்றுள் முதன்மையான சான்று ஒரு தமிழருடையது என்பது நம் மாணவர் பலருக்குத் தெரியாத செய்தி.

மலாக்கா மாநிலத்தின் தோட்டப்புறங்களில் ஹாக்கி வேரூன்றிய ஆட்டமன்று. ஜாசின், மெர்லிமாவ், டுரியான் துங்கல், அலோர்காஜா வட்டாரங்களின் பால்மரக் காடுகளுக்கு நடுவே அமைந்த திடல்களில் காற்பந்தே அரசு செலுத்தியது. அதற்குக் காரணம் எளிது. காற்பந்துக்கு ஒரு பந்து போதும். ஹாக்கிக்கு ஆளுக்கொரு மட்டையும், மேடுபள்ளமற்ற தரையும் வேண்டும். பெரட்டுக்கு எழுந்து, பால்வெட்டு முடித்து, மாலையில் திடலுக்கு வருபவனிடம் இவ்விரண்டும் இருந்ததில்லை. ஆங்கிலேயர் கொணர்ந்த ஹாக்கி, பட்டணத்து ஆங்கிலப் பள்ளிகள் வழியாகவும், அரசாங்க அலுவலகங்களின் விளையாட்டுக் கழகங்கள் வழியாகவுமே தமிழரை வந்தடைந்தது. கோலாலம்பூரில் 1975ஆம் ஆண்டு நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் மலேசியா நான்காம் இடம் பெற்றதும், மகேந்திரன், பாலசிங்கம், பத்மராஜா முதலிய பெயர்கள் வானொலியில் ஒலித்ததுமே தோட்டத்து இளைஞரையும் இவ்வாட்டத்தின்பால் திரும்பிப் பார்க்கச் செய்தன எனலாம்.

அவ்வாண்டுக்கு நான்காண்டுகள் கழித்து, 1979இல், மலாக்கா எல்லையை ஒட்டிய தம்பின் நகரில் குமார் சுப்பிரமணியம் பிறந்தார். தம்பின் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது. அதன் இரயில் நிலையமோ மலாக்காவின் புலாவ் செபாங்கில் உள்ளது. இரு மாநிலத்தாரும் உரிமை கொண்டாடத்தக்க ஊர் அது. இக்குமார் மலேசிய அணியின் கோல் வாயிலில் இரண்டு பத்தாண்டுகளுக்கு அண்மையான காலம் நின்று, 300க்கு மேற்பட்ட அனைத்துலக ஆட்டங்களைக் கண்டவர். 2010 குவாங்சோ, 2018 ஜகார்த்தா ஆகிய இரு ஆசிய விளையாட்டுகளிலும் மலேசியா வெள்ளிப் பதக்கம் வென்றபோது அணியில் இருந்தவர். அவருடைய கதையை முழுதும் விளங்கிக்கொள்ள, அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட இன்னொரு தமிழ்க் காவலரின் கதையை முதலில் அறிதல் வேண்டும்.

ரங்கநாதன் பிரான்சிஸ் 1920ஆம் ஆண்டு பர்மாவின் ரங்கூனில் பிறந்தார். கடல் கடந்து பிழைக்கச் சென்ற தமிழர் மலாயாவுக்கு வந்தது போலவே ரங்கூனுக்கும் சென்ற காலம் அது. பின்னர்ச் சென்னைக்கு வந்து, சென்னை அணியின் காவலராகப் பெயர் பெற்றார். விடுதலை பெற்ற இந்தியா தன் கொடியுடன் முதன்முதலாக ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆடிய 1948ஆம் ஆண்டு இலண்டன் அணியில் அவர் இடம் பெற்றார். ஆனால் அவ்வணியில் இன்னொரு காவலரும் இருந்தார். அவர் பம்பாயின் லியோ பின்டோ. பிறந்த ஊர் ஆப்பிரிக்காவின் நைரோபி. ஒரே வாயிலுக்குப் போட்டியிட்ட இருவருமே அயல்நாட்டில் பிறந்தவர்கள்! பின்டோவுக்கு அப்போது 34 வயது, பிரான்சிசுக்கு 28. வெம்பிளித் திடலில் ஆகஸ்டு 12ஆம் நாள் பிரிட்டனை 4–0 என வென்ற இறுதியாட்டத்தில் வாயிலைக் காத்தவர் பின்டோவே. பிரான்சிஸ் இரண்டாமவர்.

இங்கு அக்கால ஆட்டமுறையை நினைவிற்கொள்ள வேண்டும். ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்றும் வழக்கம் அன்று இல்லை. காலையில் யார் பெயர் வாசிக்கப்பட்டதோ, அவரே 70 நிமிடமும் நிற்க வேண்டும். தலைக்கவசம் கிடையாது. பஞ்சும் பிரம்பும் கொண்டு செய்த காலுறையே காப்பு. ஆகவே இரு காவலருக்கிடையிலான போட்டி முழுவதும் பயிற்சித் திடலிலேயே நடந்து முடிந்தது. பயிற்சியில் முன்னணி ஆட்டக்காரர்கள் இரு புறமும் கோல் முயல வேண்டுமாயின் இரு வாயிலிலும் உண்மையான காவலர் வேண்டும். இரண்டாமவன் மனம் சோர்ந்து கடமைக்கு நின்றால், நாளை எதிரியின் வாயிலைத் தகர்க்க வேண்டிய தன் அணி முன்னணியே கூர்மை இழக்கும். அவன் இன்னும் தோற்கவில்லை என்ற எண்ணத்தோடு நின்றால் பல்பீர் சிங், கே.டி. சிங் பாபு போன்றோரின் மட்டையும் தீட்டப்படும். இரண்டாம் காவலனின் உழைப்பு தன் அணி வாங்கிய கோல்களில் அன்றி, தன் அணி போட்ட கோல்களில் தெரிவது வியப்புக்குரியதாயினும் உண்மை.

நான்காண்டுகள் பிரான்சிஸ் விலகாது காத்திருந்தார். 1952 ஹெல்சிங்கியில் முதற்காவலர் இடம் அவருடையதாயிற்று. ஆஸ்திரியாவை 4–0, பிரிட்டனை 3–1, இறுதியில் நெதர்லாந்தை 6–1 என்று இந்தியா வென்றது. அந்த ஆறு கோல்களுள் ஐந்தைப் பல்பீர் சிங் புகுத்தினார். உலகம் அதனை மட்டுமே நினைவில் வைத்துள்ளது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அது பொறுமைக்குப் பரிசு கிடைத்த வழக்கமான கதையாகிவிடும். அதன் சிறப்பு 1956இல்தான் உள்ளது. மெல்பர்ன் ஒலிம்பிக்கிற்குத் தேர்வு நடந்தபோது பிரான்சிசுக்கு வயது 36. இராணுவத்தைச் சேர்ந்த சங்கர் லட்சுமண் என்னும் 23 வயது இளைஞர் எதிரே வந்து நின்றார். தேர்வாளர் இருவரையும் அழைத்துச் சென்றனர். முதலிடம் இளைஞருக்குப் போயிற்று. முன்னைய ஒலிம்பிக்கின் பொற்பதக்கக் காவலர், எட்டாண்டுகளுக்கு முன் தாம் அமர்ந்திருந்த அதே இரண்டாம் இருக்கைக்குத் திரும்பினார். கீழிருந்து மேலேறக் காத்திருப்பது ஒரு வகைப் பண்பு. மேலிருந்து கீழிறங்கி அணியோடு இருப்பது அதனினும் அரியது.

விளைவு என்ன? ஆப்கானிஸ்தானை 14–0, அமெரிக்காவை 16–0, சிங்கப்பூரை 6–0 என்று வென்ற இந்தியா, அரையிறுதியில் ஜெர்மனியையும் இறுதியில் பாகிஸ்தானையும் 1–0 என்ற ஒற்றைக் கோலில் வென்றது. ஐந்து ஆட்டங்கள், போட்டவை 38, வாங்கியது ஒன்றுமில்லை. இத்தொடரில்தான் மலாயாவும் சிங்கப்பூரும் தனித்தனி அணிகளாக ஆடின என்பதும் நம்மவர் அறிய வேண்டிய செய்தி. கடைசி இரு ஆட்டங்களை நோக்குங்கால் கோல் காவலின் அருமை புலப்படும். முன்னணியால் ஒரு கோலுக்கு மேல் போட முடியாத நாளில், ஒரு கோல்கூட வாங்காமையே வெற்றி. அந்நாளில் நின்ற லட்சுமணின் பின்னால், பயிற்சித் திடலில் நாள்தோறும் ஒப்புநோக்கத்தக்க அளவுகோலாகப் பிரான்சிஸ் இருந்தார் எனக் கொள்வதில் தவறில்லை. பிரான்சிஸ் அணியிலிருந்த மூன்று ஒலிம்பிக்கிலும் சேர்த்து இந்தியா 13 ஆட்டங்களில் 76 கோல் போட்டு, நான்கே நான்கு வாங்கியது. மூன்று பொற்பதக்கங்களும் அவர் பெயரில் உள்ளன. கோலாலம்பூரில் இந்தியா உலகக் கிண்ணம் வென்ற அதே 1975ஆம் ஆண்டின் இறுதியில் அவர் காலமானார்.

இது புதிய மரபன்று. 1932 லாஸ் ஏஞ்சல்சில் ரிச்சர்ட் ஆலனும் ஆர்தர் ஹிண்டும் இவ்வாறே இணைந்திருந்தனர். அமெரிக்காவை 24–1 என வென்ற ஆட்டத்தில் வாங்கிய ஒரு கோல், ஆலன் வாயிலுக்குப் பின்னால் நின்று கையெழுத்திட்டுக் கொண்டிருந்தபோது புகுந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், எதிரியும் இல்லாமல் போட்டியும் இல்லாமல் நிற்கும் காவலன் கண்ணயர்வான் என்பதற்கு அது நல்ல உவமை.

போட்டி முறையாகக் கையாளப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே லட்சுமணின் பிற்கால வாழ்வே சான்று. 1960 ரோமில் பாகிஸ்தானிடம் 0–1 எனத் தோற்ற இறுதியாட்டத்தில் நின்றவர் அவர். 1964 டோக்கியோவில் அதே பாகிஸ்தானை 1–0 என வென்றபோதும் நின்றவர் அவரே. 1966ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் அணித்தலைவராகவே பொற்பதக்கம் கொணர்ந்தார். அத்தகையவர் 1968 மெக்சிகோ அணியில் இடம் பெறவில்லை. இரண்டாமவராகக்கூட அழைக்கப்படாத அவர் ஹாக்கியை விட்டே விலகினார். ராஜேந்திர கிறிஸ்டியும் தமிழ்நாட்டின் முனீர் சேட்டும் காவலராகச் சென்றனர்; இருவரும் திறமையாளரே. ஆனால் அவ்வணிக்குத் தலைவர்கள் மட்டும் இருவர்! பிரித்திபால் சிங், குர்பக்ஸ் சிங் என்னும் இருவரையும் கூட்டுத் தலைவராக்கியிருந்தனர். முதலாட்டத்தில் நியூசிலாந்திடமும் அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடமும் 1–2 எனத் தோற்று இந்தியா வெண்கலத்தோடு திரும்பிற்று. ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா இறுதியாட்டத்தை எட்டாமற் போனது அதுவே முதன்முறை. காவலர் மாற்றம் மட்டுமே இதற்குக் காரணம் என்பது நேர்மையாகாது. எனினும் 1956இல் பழையவரை வைத்துக்கொண்டு புதியவரை நிறுத்தினர்; 1968இல் பழையவரை வெளியேற்றிப் புதியவரை நிறுத்தினர். இவ்வேறுபாடு கருதத்தக்கது.

காவலன் தனித்து விடப்படும்போது நேரும் கொடுமைக்கு 1982 டில்லி ஆசிய விளையாட்டு சான்று. இறுதியாட்டத்தில் பாகிஸ்தானிடம் 1–7 எனத் தோற்ற பழி முழுவதும் காவலர் மீர் ரஞ்சன் நேகி மீது விழுந்தது. விலை போனவர் என்ற அடாத சொல்லும் எழுந்தது. ஏழு கோல் புகுவதற்குத் தற்காப்பு வரிசை முழுவதும் உடைய வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்பார் இல்லை. அவரே பின்னாளில் கோல் காவலர் பயிற்றுநராகத் திரும்பினார். 1998 பாங்காக்கில் தென்கொரியாவுக்கு எதிராகப் பெனால்டி அடிகளைத் தடுத்து ஆஷிஷ் பல்லால் தங்கம் பெற்றுத் தந்தபோது, அவ்வணியின் காவலர்களைப் பயிற்றியவர் நேகியே.

பள்ளி ஆசிரியர்களுக்கு இங்கு ஒரு சொல். ஓடத் தெரியாத பிள்ளையைக் கொண்டுபோய்க் கோல் வாயிலில் நிறுத்தும் வழக்கம் நம் பள்ளித் திடல்களில் இன்னும் உள்ளது. அவனுக்குப் போட்டியாக இன்னொருவனும் இல்லை. ஏனெனில் அவ்விடத்தை விரும்பிக் கேட்பார் இல்லை. அங்கு முதற்காவலன் என்பவன் எவராலும் வெல்லப்படாதவன் அல்லன், எவராலும் விரும்பப்படாதவன்.

அண்மைக்கால வரலாற்றுக்கு வருவோம். கேரளத்தின் ஸ்ரீஜேஷ் 2006இல் இந்திய அணிக்குள் வந்தபோதும், ஏட்ரியன் டிசூசா, பரத் செத்ரி ஆகியோர் நிழலில் பல ஆண்டுகள் கழிந்தன. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் செத்ரி முதற்காவலர் மட்டுமல்லர், அணித்தலைவரும் அவரே. இந்தியா எல்லா ஆட்டங்களிலும் தோற்றுப் பன்னிரண்டாம் இடத்தில் முடிந்தது. தலைவனே காவலனாக இருக்கையில் இரண்டாமவன் அவ்விடத்தைக் கேட்பது எங்ஙனம்? 1966இல் தலைமையேற்ற லட்சுமண் வென்றார் என்பதனால் இது பொது விதியாகாது. ஆயினும் கருதத்தக்க இடர்ப்பாடு. ஈராண்டில் இன்சியோன் ஆசிய விளையாட்டின் இறுதியில் பாகிஸ்தானின் முயற்சிகளைத் தடுத்துத் தங்கம் பெற்றுத் தந்தார் ஸ்ரீஜேஷ்.

இனி 2018 ஆகஸ்டு 30ஆம் நாள் ஜகார்த்தா அரையிறுதி. ஒரு வாயிலில் இந்திய அணித்தலைவர் ஸ்ரீஜேஷ்; மறு வாயிலில் 38 வயதுக் குமார். அத்தொடரின் முதற்சுற்றில் மட்டும் இந்தியா 76 கோல் போட்டிருந்தது. பிரான்சிசின் மூன்று ஒலிம்பிக்கும் சேர்ந்த அதே எண்ணிக்கை! அத்தகைய முன்னணியை மலேசியா 2–2 என நிறுத்தியது. பின் வந்தது நேருக்கு நேர் மோதல்: 23 மீட்டர்க் கோட்டிலிருந்து ஒருவன் பந்துடன் வருவான், காவலனைக் கடந்து கோல் போட எட்டு நொடி உண்டு. ஐவர் முடிந்தும் சமன். பிறகு ஒருவருக்கு ஒருவராகத் தொடர்ந்து, 7–6 என மலேசியா வென்றது. தம்பினிலும் புலாவ் செபாங்கிலும் தொலைக்காட்சிமுன் அமர்ந்திருந்தோர் மறக்கவியலாத இரவு அது.

இரண்டு நாள் கழித்து இறுதியாட்டம். ஜப்பானுடன் 6–6, மீண்டும் நேருக்கு நேர் மோதல், இம்முறை 1–3 எனத் தோல்வி. இரு காவலரைக் கொண்ட அணி, மோதலுக்கெனப் புதியவரை இறக்குவதற்கு விதி இடம் தருகிறது. 2014 உலகக் கிண்ணக் காற்பந்தில் நெதர்லாந்து பெனால்டிக்கென்றே டிம் குருலை இறக்கிக் கோஸ்தாரிகாவை வென்றது பலருக்கு நினைவிருக்கும். ஆறு கோல் வாங்கிக் களைத்த காவலரையே மீண்டும் நிறுத்துவதா, புதியவரை அழைப்பதா? இரண்டு நாள் முன்பு அணியை இறுதிக்குக் கொண்டுவந்தவரை அகற்ற எந்தப் பயிற்றுநரின் கையும் கூசும். குமாரின் பெருமையே அவருக்கு மாற்றை எண்ணவிடாமற் செய்தது எனலாம். ரோஸ்லான் ஜமாலுடின் போன்ற நல்ல காவலர் நெடுங்காலம் அவரோடு ஒரே சட்டைக்காகப் போட்டியிட்டனர். எனினும் ஒரு பெருமரத்தின் நிழல் நீண்டால் கீழே முளைக்கும் கன்றுக்கு வெயில் குறைவு என்பதைப் பால்மரக் காட்டில் வளர்ந்தோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியர் இச்சிக்கலுக்கு வேறு வழி கண்டனர். ஸ்ரீஜேசுக்கு அடுத்தவரான கிரிஷன் பகதூர் பாதக்கை அமர்த்தியே வைக்காமல், 2022, 2023ஆம் ஆண்டுகளில் பல ஆட்டங்களின் காற்பகுதிகளை இருவருக்கும் மாற்றி மாற்றிப் பகிர்ந்தனர். தற்காப்பு ஆட்டக்காரர் இரு குரலுக்கும் பழக வேண்டியிருந்தது; காவலரின் ஒருமுகப்பாடு கெடும் என்று குறை கூறியோரும் உண்டு. பிரான்சிசின் நகரான சென்னையில், எழும்பூர்த் திடலில் 2023 ஆகஸ்டில் நடந்த ஆசிய வெற்றியாளர் கிண்ண இறுதியாட்டத்தில் மலேசியா இடைவேளையில் 3–1 என முந்தியிருந்தது. பிற்பாதியில் ஒரு கோலும் போட இயலாமல் 3–4 எனத் தோற்றது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 16 பேர் கொண்ட அணிக்குள் இந்தியா ஒரு காவலரையே சேர்த்தது. பாதக் மாற்றாளாக உடன் சென்றார். பிரிட்டனுக்கு எதிரான காலிறுதியில் பத்துப் பேராகக் குறைந்த அணியைக் காத்து, மோதலில் 4–2 என வெல்லச் செய்து, வெண்கலத்தோடு ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றார். அடுத்த மாதமே சீனாவில் நடந்த ஆசிய வெற்றியாளர் கிண்ணத்திற்குப் பாதக்கும் சூரஜ் கர்கேராவும் காவலராகச் சென்றனர். மலேசியாவை 8–1 எனவும், இறுதியில் சீனாவை 1–0 எனவும் அவ்வணி வென்றது.